ஸஜ்ஜாத் எழுதிக் கொடுத்த பட்டியல்

திருகோணமலைப் பட்டினத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் படம் கீறியது யார் என்று கேட்டால், மூன்று பேரில் ஒருவராவது தயாளினியின் பெயரைச் சொல்வார். நகரசபை அனுமதிக்குக் கொடுக்கும் வீட்டுப் படங்களை வரைவதுதான் அவளுடைய தொழில். பிறந்தது கிளிவெட்டியில், வயல்காரக் குடும்பத்தில். தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்பை முடித்து, ஓர் ஒப்பந்தகாரரின் கந்தோரில் ஒன்பது வருடம் இருந்து, பிறகு துணிந்து தனியே தொடங்கினாள். கணவன் பிரகலாதன் கல்வித் திணைக்களத்தில் எழுதுவினைஞர். பிள்ளைகள் இல்லை. உட்துறைமுகத்தைப் பார்த்த மேல்மாடி வாடகை வீட்டின் முன்னறைதான் அவளுடைய கந்தோர். கீழே வாசலில், பட்டினத்துத் தெருக்களில் திரிகிற மான்களில் இரண்டாவது எப்போதும் படுத்திருக்கும். படத்தைச் சுருட்டி வாங்கிக்கொண்டு போகிறவர்கள் கையைத் தாழ்த்திப் பிடித்தால் அவை எழுந்து வந்து தாளின் நுனியைக் கடித்துவிடும். ஆதலால் "உயர்த்திப் பிடியுங்கோ" என்று மேலிருந்து கத்துவாள்.

வேலையில் கறாரானவள். இந்த அகலத்துக்குள் படிக்கட்டு வராது என்றால் வராதுதான். வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டாலும் மாற்றிச் சொல்லமாட்டாள். ஆனால் தன்னுடைய சொந்த விடயத்தில், முன்னால் நிற்கிற மனிதரின் முகத்தைப் பார்த்து 'ஏலாது' என்று சொல்ல அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. வேண்டாத சேலையையும் வாங்கிக்கொண்டு வருவாள். போக விரும்பாத சடங்குக்கும் "ஓம், வாறம்" என்பாள். இதனால் பெரிதாக ஒரு கெடுதியும் வந்ததில்லை, அந்த வருடம் வரைக்கும்.

அந்த வருடம் பங்குனியில் கிளிவெட்டியில் இருந்த அம்மா கமலேஸ்வரி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். தம்பி கஜீபனுக்குக் கொழும்பில் வேலை. பார்க்க வேறு ஆளில்லை. கிழமையில் நான்கு நாள் தயாளினி கிளிவெட்டியில் நிற்கவேண்டும் என்றாகிவிட்டது. தொழிலை விடவும் முடியாது. ஆனால் அவளுடைய கணினியோ, மேசைக்குக் கீழே இருந்து உறுமுகிற பெரிய பெட்டி. அதைப் பஸ்ஸில் ஏற்றி, கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டிக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவது நடக்கிற காரியமல்ல.

அந்தப் பெட்டியைப் பதினொரு வருடத்துக்கு முன் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தவர் ஸஜ்ஜாத். கிண்ணியாக்காரர். கட்டாரில் ஏழு வருடம் கணினி வேலை பழகி வந்து, சந்தைக்குக் கிட்ட ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் சிறிய கடை போட்டிருந்தார். கடலுப்பு தின்று பெட்டிக்குள் எது துருப்பிடித்தாலும் அவர்தான் மாற்றிக் கொடுப்பார். போன வருடம் அவருக்கு இருதயத்தில் ஒப்பரேசன் நடந்தது. மூன்று மாதம் கடை பூட்டிக் கிடந்தது. பிறகு மெல்ல மெல்லப் படியேறி வந்து திறந்தார். அன்று முதல் மனைவி நஜ்முன் நிஸாவும் கூடவே வந்து, பாரமானவற்றைத் தூக்கி வைத்து, பின்னுக்கு ஒரு கதிரையில் இருப்பார்.

தயாளினி போய், அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிட்டு, தன் நிலைமையைச் சொன்னாள்.

"கொண்டுதிரியக் கூடியதா ஒண்டு வேணும், நானா. ஆனா இந்தப் பெட்டி செய்யிற வேலை எல்லாத்தையும் அதுவும் செய்யோணும்."

"சும்மா கண்ணாடிப் பெட்டிக்குள்ள இரிக்கிற லப்டொப்ப வாங்கினீங்கெண்டா மூணு மாசத்தில அழுவீங்க, தங்கச்சி" என்றார் ஸஜ்ஜாத். "மேசைக் கொம்பியூட்டருக்குப் பதிலா வைக்கிற லப்டொப் எண்டு ஒரு சாதி இரிக்கு. தடிப்பு. பாரம். பெரிய திரை. பெட்டரி கனநேரம் நிக்காது, ஆனா வேலைக்கு மாடு மாதிரி. அத ஆளுக்கேத்த மாதிரிப் பூட்டி எடுக்கோணும். முதல்ல நீங்க வேலை செய்யிறத நான் பாக்கோணும்."

"என்னத்தப் பாக்கப் போறீங்கள்?"

"அளவெடுக்காமச் சட்டை தைக்கலாமா?"

சொன்னபடியே அந்தச் சனிக்கிழமை பகல் அவர் வந்தார். மாடிப்படியில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கித்தான் மேலே ஏறினார். ஒரு கதிரையை அவளுக்குப் பின்னால் இழுத்துப் போட்டு, இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டின் முப்பரிமாணப் படத்தைத் திருப்பும்போது திரை எவ்வளவு நேரம் திணறுகிறது என்று கைமணிக்கூட்டில் பார்த்தார். அளவுகளை அவள் வலது கையால், விசைகளைப் பார்க்காமலே அடிப்பதைக் கவனித்தார். மூன்று மணிக்குத் துறைமுகத்துத் தண்ணீரின் வெளிச்சம் திரையில் அடித்தபோது அவள் எழுந்து போய்ச் சன்னலை மூடி, லைற்றைப் போட்டுக்கொண்டு வந்து இருந்தாள்.

"தினமும் இப்பிடித்தானா?"

"ஓம் நானா. பழகிப்போச்சு."

"கிளிவெட்டியில எங்க வச்சு வேலை செய்வீங்க?"

"அம்மாட கட்டிலுக்குப் பக்கத்தில. முன்னுக்கு வயல். நெல்லுச் சூடடிக்கிற காலத்தில தூசி சொல்லேலாது."

அவள் பிழையென்று ஒதுக்கிவைத்த படமொன்றின் பின்பக்கத்தில் அவர் எழுதினார். ஒன்பது வரிகள். செயலி இன்னது, நினைவகம் ஒரே துண்டாக வேண்டாம், சோடியாக இரண்டு, படங்களைச் சேமிக்கவென்று தனியாக இரண்டாவது தட்டு, எண் விசைகள் வலப்பக்கம் தனியாக, காற்றாடி இரண்டு, தூசி தட்டக் கழற்றக்கூடியதாக, திரை மினுக்கமில்லாதது. கடைகள் எல்லாம் மினுக்கமான திரையைத்தான் காட்டுவார்கள், அதுதான் பார்க்க வடிவு, ஏமாறவேண்டாம் என்று அதற்குப் பக்கத்தில் எழுதியிருந்தார். ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று ஒரு காரணம் இருந்தது. எல்லாம் அவளுக்கென்றே யோசித்தவை.

"லப்டொப்பிட வெறும் உடம்ப மட்டும் கொழும்பில இறக்குமதி செய்யிற ஒராளிட்ட எடுப்பன். மத்ததெல்லாம் நான் பூட்டி, மூணு நாள் நிப்பாட்டாம ஓட விட்டுப் பாத்துத்தான் தருவன். ஒண்டரை மாசம் எடுக்கும். செய்வமா?"

"ஓம் நானா, பாப்பம்" என்றாள் தயாளினி.

அவள் மனதில் அந்த 'ஓம்' நீங்கள் சொல்வது கேட்கிறது என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் அதைக் கேட்டவர், மூன்று மணித்தியாலம் கதிரையில் இருந்து அவளுக்காக யோசித்த மனிதர். அவர் அதை வேறு எப்படி எடுப்பார்? இது அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கவேண்டும். தெரிந்துதான் இருந்தது என்று பிற்காலத்தில் அவள் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள்.

அடுத்த நாள் கஜீபன் கொழும்பிலிருந்து அழைத்தான்.

"இவ்வளவு பெரிய சாமானைத் திருமலையில ஆரக்கா வாங்குவினம்? இஞ்ச ஒரு கடை இருக்கு. கேட்டபடி பூட்டித் தாற வேலை மட்டும்தான் அவங்களுக்கு. லிங்க் அனுப்புறன், பார்."

பார்த்தாள். ஒவ்வொரு பாகமாகத் தெரிவு செய்யக்கூடிய பக்கம். எதை மாற்றினால் என்ன ஆகும் என்று விளக்கம் இருந்தது. வாங்கியவர்கள் நல்லதும் கெட்டதும் எழுதியிருந்தார்கள், கடைக்காரர் எல்லாவற்றுக்கும் பதில் போட்டிருந்தார். கஜீபன் ஒழுங்கான பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவனல்ல. கடையைத் தெரிவதற்கு நான்கு கேள்வி கேட்கவேண்டும் என்றான். பாகங்களை நாங்களே சொல்லலாமா? தருவதற்கு முன் ஓடவிட்டுப் பார்ப்பார்களா? பிழைத்தால் ஆளோடு கதைக்க முடியுமா, அல்லது மெசின்தான் பதில் சொல்லுமா? உத்தரவாதம் எத்தனை வருடம், கடையே இல்லாமல் போனால் யார் பொறுப்பு?

முதல் மூன்று கேள்விக்கும் ஸஜ்ஜாத்தும் கொழும்புக் கடையும் சமமாக நின்றார்கள். சொல்லப்போனால், மூன்றாவதில் ஸஜ்ஜாத் ஒரு படி மேலே. நான்காவதில்தான் தயாளினிக்கு இடித்தது.

பிறகு சொன்னாள்: "அவருக்குப் போன வருசம்தானே ஒப்பரேசன் நடந்தது, கஜீ. படி ஏறவே களைக்கிறார். மூண்டு வருசத்துக்கு அவரை நம்பி எப்பிடி..."

வசனத்தை முடிக்கவில்லை. கஜீபனும், "அதுதான்க்கா நானும் சொல்றன்" என்றான்.

தன் வீட்டுப் படியில் மூச்சு வாங்க நின்றவரைப் பார்த்து, அந்த மூச்சை அவள் கணக்குப் பார்த்திருக்கிறாள். இந்த ஆள் எத்தனை வருடம் தாங்குவார் என்று ஒரு சாமானைப்போல மதிப்புப் போட்டிருக்கிறாள். சொன்ன நேரத்தில் அது நியாயமான யோசனையாகத்தான் பட்டது.

அன்றே கொழும்புக் கடையின் பக்கத்தைத் திறந்து, ஸஜ்ஜாத்தின் தாளை மேசையில் விரித்து, ஒன்பது வரியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தெரிவு செய்தாள். மறுநாள் உறுதிப்படுத்துவதற்காகக் கடையிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

"உங்கட லிஸ்ட் பாத்தம், மிஸ். ஒண்டும் மாத்தத் தேவையில்லை. நல்லாத் தெரிஞ்ச ஆக்கள்தான் இப்பிடிப் போடுவினம். ஆர் போட்டது?"

"நான்தான்" என்றாள் தயாளினி.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால், அப்போ ஏன் அவரிடமே வாங்கவில்லை என்று அந்தப் பெண் கேட்டுவிடுவாளோ என்று பயந்தாளோ என்னவோ.

இரண்டரைக் கிழமையில் சாமான் வந்தது. மிகவும் நல்ல சாமான். அதில் ஒரு குறையும் சொல்லமுடியாது. பழைய பெட்டி திணறிய படங்கள் எல்லாம் விரலால் தள்ளியதுபோல நழுவின. மூன்று மணிக்குச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்தாள். துறைமுகத்தில் கப்பல் வருவதையும் போவதையும் அந்த நேரத்தில் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கிளிவெட்டியில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, அம்மா உறங்கும் நேரம் இரண்டு வீடுகளுக்கான படங்களை முடித்தாள். அது பழுதாகியிருந்தால், சூடேறி நின்றிருந்தால், அவளுக்கு ஒருவகையில் ஆறுதலாக இருந்திருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

சந்தைப் பக்கம் போகவேண்டி வந்தால் ஸஜ்ஜாத்தின் கடை இருக்கும் தெருவை விட்டு அடுத்த தெருவால் சுற்றிப் போகத் தொடங்கினாள். ஒரு வார்த்தை சொல்லிவிடவேண்டும் என்று ஒவ்வொரு திங்களும் நினைப்பாள். திங்கள் கிளிவெட்டிக்குப் பஸ் ஏறும் நாள். வெள்ளி திரும்பி வந்ததும் சொல்வோம் என்று நினைப்பாள்.

ஆறாவது கிழமை அவளுடைய போன் அடித்தது.

"தங்கச்சி, சாமான் ரெடி" என்றார் ஸஜ்ஜாத். குரலில் ஒரு சந்தோசம் இருந்தது. "இன்னும் மூணு நாள் ஓட விட்டுப் பாத்தாச் சரி. புதன் வரைக்கும் பொறுங்க."

அவர் கொழும்பிலிருந்து லப்டொப்பின் உடம்பை எடுப்பித்துவிட்டார். பூட்டியும் விட்டார்.

"அம்மாவுக்குக் கொஞ்சம் ஏலாது, நானா" என்றாள். "நான் கிளிவெட்டியில நிக்கிறன். வந்து கதைக்கிறன்."

"பாருங்க, பாருங்க, உம்மாவப் பாருங்க முதல்ல. இது எங்கயும் ஓடாது."

அம்மாவுக்கு அன்று நல்ல சுகம். கட்டிலில் சாய்ந்திருந்து, நடக்கும் பயிற்சிக்கு வருகிற பிள்ளை பிந்திவிட்டாள் என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார். தன் பொய்க்கு அம்மாவின் முறிந்த எலும்பை எடுத்துக்கொண்டது தயாளினிக்கு உடனேயே உறைத்தது. ஆனாலும் போனைத் திருப்பி எடுக்கவில்லை. மேலும் இரண்டு கிழமை ஓடியது. ஸஜ்ஜாத் மறுபடி அழைக்கவில்லை. அவசரப்படுத்துகிற குணம் அவருக்கு இல்லை.

அம்மாவை மாதாந்தக் கிளினிக்குக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த அன்று, வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தவர் நஜ்முன் நிஸா. ஸஜ்ஜாத் உள்ளே இருதயப் பரிசோதனைக்குப் போயிருந்தார்.

"எப்பிடி இரிக்காங்க உம்மா?" என்று அம்மாவின் கையைத் தொட்டு விசாரித்துவிட்டு, தயாளினியின் பக்கம் திரும்பினார். "உங்கட சாமான் கடையில பத்திரமா இரிக்கு, தங்கச்சி. துணி போட்டு மூடி வச்சிரிக்கன். விசையில தமிழெழுத்து ஒட்டினது நான்தான். அவருக்கு இப்ப கை நடுங்குது, நேரா ஒட்ட வராது. ரெண்டு நாள் எடுத்து ஒவ்வொண்டா ஒட்டினன்."

"சரி ராத்தா" என்றாள் தயாளினி.

"மூதூரில இரிந்து ஒரு எஞ்சினியர் வந்து பாத்துட்டு, இதையே தாங்க எண்டு நிண்டாரு. குடுக்கல்ல. இது ஒரு ஆளுக்கெண்டு பூட்டினது, வேற பூட்டித் தாறன் எண்டு சொல்லிட்டாரு. அந்தாள் நிக்காமப் போயிட்டாரு."

அம்மா அவளைப் பார்த்தார். "அந்தப் பாரத்தைக் கீழ வையன், பிள்ளை. தோள் நோகாதே?"

அன்று கிளினிக் முடிய ஒரு காணி பார்க்கப் போக இருந்ததால், கொழும்புக் கடையின் லப்டொப் அவளுடைய தோளில்தான் தொங்கியது. அதன் பாரம் அவ்வளவு நேரமும் அவளுக்குத் தெரியவில்லை. இப்போது பையை மெல்ல முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டு, "பரவாயில்லை அம்மா" என்றாள். நிஸா பார்த்தாரோ இல்லையோ தெரியாது. உள்ளே பெயர் கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிரகலாதனிடம் சொன்னாள். ஒப்பரேசனைப் பற்றித் தம்பியிடம் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

"நான் போய்ச் சொல்லட்டே?" என்று கேட்டான் அவன். "உமக்கு அந்தாள்ர முகத்தைப் பாத்தாச் சொல்ல வராது."

அவளுக்கு ஓம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. "வேண்டாம். இதையும் வேற ஆளைக் கொண்டு செய்விக்கேலாது" என்றாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு லப்டொப்பையும் எடுத்துக்கொண்டு ஸஜ்ஜாத்தின் கடைக்குப் போனாள். அதை ஏன் கொண்டுபோனாள் என்றால், கொண்டுபோனால்தான் வழியில் மனம் மாறி இன்னொரு பொய் சொல்ல முடியாது என்பதற்காக. ஸஜ்ஜாத் மேசையில் ஒரு போனைப் பிரித்துப் போட்டிருந்தார். அவளைக் கண்டதும் எழும்பினார். நிஸா பின்னாலிருந்து துணியால் மூடிய சாமானைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார்.

"திறந்து பாருங்க, தங்கச்சி. பழைய படமெல்லாம் கொண்டந்தீங்களா? இப்பவே ஏத்தித் தரலாம்."

"நானா, நான் வேற இடத்தில வாங்கிட்டன்."

ஸஜ்ஜாத்துக்கு முதலில் விளங்கவில்லை. "என்னத்த?"

தயாளினி பையைத் திறந்து தன்னுடையதை எடுத்து மற்றதற்குப் பக்கத்தில் வைத்தாள். "கொழும்பில. ரெண்டு மாசமாகுது. உங்களுக்கு அப்பவே சொல்லியிருக்கோணும். சொல்ல வரேல்லை."

கீழே புடைவைக் கடையில் யாரோ சீலையை உதறும் சத்தம் கேட்டது. ஸஜ்ஜாத் கதிரையில் இருந்தார். பிறகு, "திறக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் திறந்தார். திரையைச் சன்னல் பக்கம் திருப்பி வெளிச்சம் பட வைத்தார். வலப்பக்கத்து எண் விசைகளை ஒருதரம் தடவினார். உள்ளே என்னென்ன பூட்டியிருக்கிறது என்று காட்டும் பக்கத்துக்குப் போய் ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"என்ட லிஸ்ட்" என்றார்.

"ஓம் நானா."

"ஒண்டும் மாத்தல்ல."

"இல்லை."

"நல்லாப் பூட்டியிரிக்கான்" என்றார். வஞ்சகமில்லாமல்தான் சொன்னார். வேலை தெரிந்தவர் இன்னொரு வேலைக்காரனைப் பார்த்துச் சொல்கிற சொல். "சூடேறுதா?"

"இல்லை நானா."

"அப்ப லிஸ்ட் பிழையில்ல." மூடி அவள் பக்கம் தள்ளி வைத்தார். "ஏன் எண்டு கேக்கலாமா, தங்கச்சி? கோவத்தில கேக்கல்ல. கடையில ஏதும் குறை இரிந்தாத் தெரிஞ்சிக்கொள்ளலாம் எண்டுதான்."

வழி நெடுகத் தயார் பண்ணிக் கொண்டுவந்த பதிலை அவள் சொன்னாள். "அவங்கள் மூண்டு வருசம் எழுத்தில உத்தரவாதம் தாறாங்கள். தம்பியும் வற்புறுத்தினவன்."

ஸஜ்ஜாத் தலையாட்டினார். பிறகு தான் பூட்டிய சாமானின் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். அவருடைய கையெழுத்து, கொஞ்சம் கோணலாக. மூன்று வருடத்துக்குப் பொறுப்பு என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, தனக்கு ஏதும் நடந்தால் கிண்ணியாவில் கணினி திருத்துகிற நிப்றாஸ் பார்ப்பார், அவருடைய நம்பர் இது, என்னென்ன பூட்டியது என்ற விபரம் முழுவதும் அவரிடம் கொடுத்திருக்கிறது என்றும் இருந்தது.

"இந்த நெஞ்ச நம்பேலாதுதானே" என்றார். "கிளிவெட்டியில அந்தரப்பட்டு நிக்கிற பிள்ளை, நான் இல்லாட்டி எங்க போகும் எண்டு யோசிச்சித்தான் எழுதி வச்சன். முதலே காட்டியிரிக்கோணும். என்ட பிழை."

அவர் அதைத் தன் பிழை என்றதை அவளால் தாங்கமுடியவில்லை.

"நானா, நான் சொன்னது முழு உண்மையில்லை" என்றாள். "நீங்கள் மூண்டு வருசம் இருப்பீங்களோ எண்டு நான்தான் தம்பியிட்டக் கேட்டனான். அவன் கேக்கேல்லை. நான்தான் கேட்டனான். அதாலதான் அங்க வாங்கினனான்."

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. ஸஜ்ஜாத் அவளைப் பார்க்காமல், பிரித்துப் போட்ட போனின் சின்னத் திருகாணிகளை விரலால் ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"அத நான் நினைக்காத நாளில்ல, தங்கச்சி" என்றார் மெல்ல. "நீங்க நினைச்சது பெரிய குத்தமில்ல. ஏலாது எண்டு ஒரு சொல் சொல்லியிரிந்தா அந்த உடம்ப எடுப்பிச்சிரிக்க மாட்டன். அவ்வளவுதான்."

நிஸா எழுந்து வந்தார். அவர்கள் பூட்டிய சாமானை மறுபடி துணியால் மூடினார். தூக்கி அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். பிறகு தயாளினியைப் பார்த்து, சத்தம் உயர்த்தாமல் சொன்னார்:

"அவரு உசிரோடதான் இரிக்காரு, மிஸ்."

ஆஸ்பத்திரி வாங்கில் 'தங்கச்சி' என்று கூப்பிட்ட அதே வாய். தயாளினி பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

அதன் பிறகு தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். அந்தச் சாமானையும் தானே எடுத்துக்கொள்ளலாமா என்று போனில் கேட்டாள். "ஒரு ஆளுக்கு ரெண்டு என்னத்துக்கு? சும்மா கிடந்து பழுதாகும்" என்று ஸஜ்ஜாத் மறுத்துவிட்டார். நில அளவையாளர்களிடம் சொன்னாள், குச்சவெளியில் படிப்பிக்கிற சிநேகிதியிடம் சொன்னாள், நகரசபைக்கு வருகிற ஒப்பந்தகாரர்களிடம் சொன்னாள். அவர்கள் போய்ப் பார்த்தார்கள். மினுக்கமில்லாத திரை பிடிக்கவில்லை, தடிப்புக் கூட, பாரம் கூட என்று திரும்பினார்கள். அது அவளுக்கென்றே பூட்டிய சாமான். வேறு யாருக்கும் அளவாக இல்லை. நான்கு மாதம் அலுமாரிக்குள் இருந்தது. கடைசியில் மூதூரில் கலியாண அல்பம் செய்கிற ரிப்கா என்ற பெண் எடுத்தாள். நிறம் சரியாகத் தெரியவேண்டும் என்று அவள் கேட்டதால் திரையைக் கழற்றி வேறு போட்டுக் கொடுக்கவேண்டியிருந்தது. அதை விற்றதில் தயாளினிக்கு ஒரு பங்கும் இல்லை. கேள்விப்பட்டது கூட இன்னொருவர் சொல்லித்தான்.

மாசியில் சூடடிப்புத் தூசி உள்ளே போய் அவளுடைய லப்டொப்பின் காற்றாடி இரைந்தது. ஸஜ்ஜாத்திடம் கொடுத்தால் அரை மணித்தியால வேலை. வேறு ஆள் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்பது ஒரு காரணம். அவர் முன்னால் அதைக் கொண்டுபோய் வைக்க மனம் வரவில்லை என்பது மற்றது. கொழும்புக்கு அனுப்பிவிட்டுப் பன்னிரண்டு நாள் பென்சிலால் கீறினாள்.

ஆனி மாதம் ஒருநாள் பின்னேரம் வாசலில் மான்களை விரட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். ஸஜ்ஜாத்தும் நிஸாவும். இந்தத் தடவை அவர் படியில் ஒரே ஒரு இடத்தில்தான் நின்றார்.

"தினமும் படி ஏறி இறங்க ஏலாது எண்டுட்டாங்க டொக்டர்மார்" என்றார் வந்து இருந்து. "கிண்ணியாவில வீட்டுக்கு முன்னால கொஞ்சம் காணி கிடக்கு. அதில கடையக் கட்டுவம் எண்டு நினைக்கம். பிரதேச சபைக்குப் படம் வேணும்."

பட்டினத்தில் படம் கீறுகிற ஆட்கள் வேறு ஆறு பேர் இருக்கிறார்கள். கிண்ணியாவிலேயே இரண்டு பேர். ஏன் தன்னிடம் வந்தார்கள் என்று தயாளினி கேட்கவில்லை. அளவுகளைக் கேட்டாள். கொண்டு வந்த காணிப் படத்தைப் பார்த்துத் திரையில் கீறத் தொடங்கினாள். கூலி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தபோது, "எல்லாருக்கும் எடுக்கிறத எடுங்க, இல்லாட்டி எழும்பிப் போயிருவன்" என்றார் ஸஜ்ஜாத். சரி என்றாள். வேண்டாம் என்று சொல்லித் தன் மனத்தை இலேசாக்குவதற்கு அவரிடம் இன்னொன்றை எடுக்கக்கூடாது என்று அவளுக்குப் பட்டது.

கடை, முன்னுக்குக் கண்ணாடிக் கதவு, பின்னுக்குச் சாமான் அறை. அவ்வளவு நேரமும் நிஸா சன்னலைப் பார்த்தபடி இருந்தார். பிறகு எழுந்து வந்து திரைக்குக் கிட்ட நின்று, திரையைப் பார்த்தே சொன்னார்.

"பின்னுக்கு ஒரு சின்ன அறை வைங்க. களைச்சா இவரு படுக்கோணும்."

"கட்டில் போடவோ, ராத்தா?"

"ஓம். ஆறரையடி வேணும். இவரு நெட்டை."

"அப்ப கடை ரெண்டடி குறையும்" என்றாள் தயாளினி. "பரவாயில்லையோ?"

"குறையட்டும்."

தயாளினி சுவரை நகர்த்தினாள். கட்டிலின் தலைமாட்டில் ஒரு சன்னலும், கூப்பிட்டால் வீட்டுக்குள் கேட்கும்படி குசினிப் பக்கமாக ஒரு கதவும் வைத்தாள். கதவு எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்று நிஸாவிடம் கேட்டாள். நிஸா கையால் காட்டினார்.

படம் ஆவணியில் அனுமதியானது. அத்திவாரக் கல் வைக்கிற அன்று அவளுக்கும் சொல்லியிருந்தார்கள். கிண்ணியாவுக்குப் போய், சொந்தக்காரர் கூட்டத்துக்குப் பின்னால் வேலியோரம் நின்றாள். ஸஜ்ஜாத் தேடிக் கண்டுபிடித்து, "அங்க நிண்டு என்ன செய்யிறீங்க, தங்கச்சி? கோடு சரியா எண்டு வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். அவள் முன்னால் போனாள். நிஸா திரும்பிப் பார்க்கவில்லை; ஆனால் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு விலகி இடம் விட்டார். தயாளினி அந்த இடத்தில் நின்று, குனிந்து, நூலைப் பிடித்து, கட்டில் அறையின் மூலை சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். அரை அங்குலம் உள்ளே இழுத்திருந்தது. மேசனைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னாள்.